கேமராவில் நார்மல், பயாப்ஸியில் இன்னும் அழற்சி

பெருங்குடலின் உள்சவ்வில் அழற்சியும் புண்ணும் வரும் நாட்பட்ட நோயான அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு நான் மருந்து எடுத்து ரத்தப்போக்கு நின்ற பிறகு கொலோனோஸ்கோபி செய்தார்கள். “பார்க்க நார்மலாகத்தான் இருக்கிறது” என்ற டாக்டர், மலக்குடலிலும் அதற்கு மேலேயும் சிறு துணுக்குகளைக் கிள்ளி எடுத்தார். பயாப்ஸி ரிப்போர்ட்டிலோ, லேசான அழற்சி தொடர்கிறது என்று வந்தது. பெரிய ஏமாற்றம். வரிவரியாக விளக்கச் சொல்லிக் கேட்டேன்.

பெருங்குடலின் உள்சவ்வில் கிரிப்ட் என்ற நுண்குழிகள் உண்டு. நலமான குடலில் அவை வரிசையாக நிறுத்திய டெஸ்ட் டியூப்கள் போல நேராக நிற்கும். என் துணுக்குகளில் சில கிளைவிட்டிருந்தன. சில குட்டையாகி, சவ்வின் அடிவரை எட்டவில்லை. இது பழைய சேதத்தின் தடயம், நோய் அடங்கிய பின்பும் நீடிக்கலாம். நோயை முதலில் உறுதிசெய்தபோது உதவியதும் இதுவே. திடீர்த் தொற்றால் வரும் குடல் அழற்சியில் கிரிப்ட்களின் வடிவம் பெரும்பாலும் மாறாது. கிரிப்ட்களின் அடியில், எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் திரண்டிருப்பதும் நாட்பட்ட நோயையே காட்டும்.

கவனிக்க வேண்டிய வரி நியூட்ரோஃபில் பற்றியது. இந்த வெள்ளணுக்கள் கிரிப்டின் சுவருக்குள் புகுந்தால் கிரிப்டைட்டிஸ். உட்குழியில் குவிந்தால் கிரிப்ட் ஆப்ஸஸ். எனக்கு முதலாவது மட்டும், அதுவும் அங்கங்கே. சளி சுரக்கும் கோப்லெட் செல்களும் குறைந்திருந்தன. பயாப்ஸியில் தெரியும் அழற்சியை அளக்க 2017-இல் வெளியான நான்சி அளவுகோலில் 0 முதல் 4 வரை தரம் உண்டு (4 கடுமையானது), என்னுடையது 2.

குடல் பார்வைக்கு ஆறியிருந்தாலும், நியூட்ரோஃபில்கள் மிச்சமிருந்தால் நோய் திரும்பக் கிளம்பும் வாய்ப்பு அதிகம். அதற்காக உடனே வலுவான மருந்துக்குத் தாவ வேண்டியதில்லை என்றார் டாக்டர். இந்த நோய்க்கான சிகிச்சை இலக்குகளைச் சொல்லும், 2021-இல் வந்த ஸ்டிரைட்-2 பரிந்துரைகளும் நுண்ணோக்கி அளவிலான குணத்தைக் கட்டாய இலக்காக வைக்கவில்லை. அழற்சியைக் குறைக்கும் மெசலமின் மாத்திரையோடு எனிமாவும் சேர்த்தார். இடையிடையே மலத்தில் கால்ப்ரோடெக்டின் என்ற, குடல் அழற்சியைக் காட்டும் புரதத்தின் அளவைப் பார்த்தோம்.

அடுத்த பயாப்ஸியில் நியூட்ரோஃபில் இல்லை. கோணல் கிரிப்ட்கள் அப்படியே இருந்தன. அதற்காக நான் கலங்கவில்லை. மாத்திரையை நிறுத்தலாமா என்று வீட்டில் கேட்டார்கள். நிறுத்தவில்லை. நோய் தொடங்கி 8 ஆண்டுகள் ஆனதும், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றமான டிஸ்பிளேசியாவைத் தேடும் கண்காணிப்பு தொடங்கும். அழற்சி இருந்தால் அந்த மாற்றத்தைப் பிரித்தறிவது கடினம் என்பதால், அதுவரை குடலை அமைதியாக வைத்திருக்க டாக்டர் சொல்லியிருக்கிறார்.