வாயைக் கட்டிக்கொள்ளப் பழகிய கதை

மழலையர் வகுப்பு எடுக்கத் தொடங்கிய காலத்தில், புள்ளிகளின் மேல் கோடிழுத்து எழுத்துகளை எழுதப் பழகுவதுதான் நான்கு வயதுக் குழந்தைக்குரிய படிப்பு என்று நம்பியிருந்தேன். எங்கள் பள்ளி விளையாட்டுவழிக் கல்விக்கு மாறியபோது, வெளியே தலையாட்டினேனே தவிர, உள்ளூர அதை ஏற்கவில்லை.

முதல் வாரம் முழுக்கக் குளறுபடி. இருந்த விளையாட்டுப் பொருள்கள் அனைத்தையும் அடுக்கிவைத்து இருபது நிமிடம் ஒதுக்கினேன். குழந்தைகள் ஒன்றைக் கொட்டிவிட்டு அடுத்ததற்கு ஓடினார்கள், ஆட்டம் சூடுபிடிக்கும் வேளையில் நான் மணியடித்தேன். பொருள்களைப் பாதியாக்கி, இருபது நிமிடத்தை ஒரு மணி நேரமாக்கிய பிறகே அறை அடங்கியது.

அதைவிடக் கடினம் என் வாயைக் கட்டுவது. "இது என்ன நிறம்? எத்தனை இருக்கு?" என்று நான் கேட்ட மறுகணமே விளையாட்டு பரீட்சையாகிவிடும், குழந்தை எழுந்து போய்விடும்.

ஒரு சிறுமி, அடுக்கி விளையாடும் கட்டைகள் வைத்திருந்த மூலையின் ஓரத்தில், கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்தபடி நாள்தோறும் நின்றுகொண்டிருந்தாள். அவளை நடுவில் உட்காரவைக்க இருமுறை முயன்று, இருமுறையும் அழவைத்தேன். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932இல் குழந்தைகளின் விளையாட்டை ஆறு வகையாகப் பிரித்தபோது வேடிக்கை பார்ப்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்திருந்தார் என்று பயிற்சியில் கேட்டறிந்த பின்னரே அவளை அவள் போக்கில் விட்டேன். பத்தாம் நாள், சாலை போட்டுக்கொண்டிருந்த சிறுவனுக்கு நீளக் கட்டைகள் தீர்ந்துபோயின. அவள் குனிந்து இரண்டு சதுரக் கட்டைகளை எடுத்து, சாலையில் கிடந்த ஒரு நீளக் கட்டையின் மேல் அடுத்தடுத்து வைத்து அளந்துவிட்டு, "இது ரெண்டும் சேந்தா அது" என்றாள்.

விளையாட்டுவழிக் கல்வி என்றால் குழந்தைகளைச் சும்மா விட்டுவிடுவது என்று சிலர் கருதுகிறார்கள். நானும் அப்படித்தான் கருதியிருந்தேன். மறுநாள் நான் நீளக் கட்டைகளில் சிலவற்றை வேண்டுமென்றே எடுத்து ஒளித்துவைத்தேன். வாய் திறவாமல் கேட்ட கேள்வி அது. மதியத்திற்குள் மூன்று பேர் அதற்கு விடை கண்டிருந்தார்கள்.

"நோட்டில் ஒன்றுமே எழுதவில்லையே" என்று அந்தச் சிறுமியின் தாய் குறைப்பட்டுக்கொண்டபோது, தேதி வாரியாக நான் எழுதிவந்த குறிப்புகளை அவரிடம் நீட்டினேன். கட்டைகளைப் பற்றிய பக்கத்தை இருமுறை படித்தார். அதற்கு முந்தைய ஒன்பது பக்கங்களிலும் பெரும்பாலும் "நின்றாள், பார்த்தாள்" என்றுதான் இருந்தது.