சூளைக்கும் ஒரு பேரேடு

பணி ஓய்வுக்குப் பிறகு செராமிக் தொழிலில் இறங்கிவிட்டேன் என்றதும், "நல்ல பொழுதுபோக்கு, மனசுக்கு அமைதி" என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அமைதி கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இது வேலை. விற்ற குவளை கசியக்கூடாது. வாங்கியவர் மறுபடி கேட்டால் அதே அளவில், அதே நிறத்தில் இன்னொன்று கொடுக்க முடிய வேண்டும். அந்தப் பொறுப்பு இருப்பதால்தான் எனக்கு இது இவ்வளவு பிடித்திருக்கிறது.

சக்கரத்தில் மண்ணை மையப்படுத்த, பலம் வேண்டும் என்று பயந்து பின்வாங்குகிற வயதானவர்களைப் பார்க்கிறேன். முழங்கையைத் தொடையில் ஊன்றி, உடம்பின் பாரத்தைச் சாய்த்துக்கொடுத்தால் போதும், மண் அடங்கிவிடும். முதுகுவலி இருப்பவர்கள் சக்கரத்தை உயர்த்தி வைத்து நின்றபடியே வனையலாம். தூசி விஷயத்தில்தான் எனக்குக் கண்டிப்பு அதிகம். காய்ந்த மண்தூளில் சிலிக்கா என்ற, மணலில் இருக்கும் கனிமம் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் பாழாகும். பட்டறையில் துடைப்பமே கூடாது, ஈரத்துணிதான்.

நான் கணக்குத் துறையில் இருந்தவன். அங்கே கற்றதற்கு இங்கே என்ன வேலை என்று யாராவது கேட்டால், கிளேஸ் குறிப்பேட்டைத்தான் காட்டுவேன். கிளேஸ் என்பது பாத்திரத்தின் மேல் உருகிப் படியும் கண்ணாடி. கண்ணாடியாவது சிலிக்கா. அது தனியாக உருக 1700 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். ஸ்டோன்வேர் எனப்படும், அதிகச் சூட்டில் கெட்டியாகச் சுடும் பாத்திரங்களுக்கான சூளையோ 1250 டிகிரியை ஒட்டித்தான் எரிகிறது. ஆகவே உருகுநிலையைக் குறைக்க ஒரு பொருள், உருகியது வழிந்தோடாமல் பிடித்துவைக்க, களிமண்ணில் இருக்கும் அலுமினா. மூன்றுக்கும் உள்ள விகிதம்தான் எல்லாம். ஆறும்போது உள்ளிருக்கும் மண்ணைவிட கிளேஸ் அதிகம் சுருங்கினால் மேற்பரப்பு முழுக்க வலைபோல விரிசல் விடும். சிலிக்காவைக் கொஞ்சம் கூட்டினால் பெரும்பாலும் சரியாகும். எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதற்கு, சிறு மண் வில்லைகளில் படிப்படியாகக் கூட்டிச் சுட்டுப் பார்த்து எழுதி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. நிறத்துக்காகக் கிளேஸில் சேர்க்கும் அதே தாமிரம், காற்று தாராளமாக இருக்கும் சூளையில் பச்சையாகவும் காற்றைக் குறைத்த சூளையில் சிவப்பாகவும் வரும். அதனால் பொருள்களின் எடையோடு நிறுத்தாமல் சூளை ஏறிய வேகம், ஆறிய வேகம், அடுக்கில் வில்லை இருந்த இடம் எல்லாவற்றையும் பதிகிறேன். ஒரு பதிவு விட்டுப்போனாலும் அந்த நிறம் திரும்ப வராமல் போகலாம். வரவு செலவு ஒட்டாதபோது விடாமல் தேடிய அதே பிடிவாதம், விரிசலுக்குக் காரணம் தேடும்போது அப்படியே கைகொடுக்கிறது.

அமெரிக்கக் கலைஞர் பியாட்ரிஸ் வுட் செராமிக் வகுப்பில் சேர்ந்தது 1933-ல், நாற்பது வயதில். 1998-ல் 105 வயதில் இறந்தார்; நூறைத் தாண்டியும் வேலை செய்தவர். அவருடைய பளபளக்கும் உலோகச் சாயல் கிளேஸ்கள் இன்றும் பேசப்படுகின்றன. தாமதமாகிவிட்டது என்று தயங்குகிறவர்களிடம் இவரைப் பற்றித்தான் முதலில் சொல்வேன்.

கூடவே ஒன்றையும் சொல்வேன்: ஓய்வுப் பணத்தில் உடனே சூளை வாங்காதீர்கள். பொதுப் பட்டறை ஒன்றில் இடம் பிடித்து, அவர்கள் சூளையில் கட்டணம் கொடுத்துச் சுடுங்கள். எந்த மண், எந்தச் சூடு, எந்த அளவுப் பாத்திரம் உங்களுக்கு ஒத்துவருகிறது என்பது குறிப்பேட்டில் தெளிவானபின், அதற்கேற்ற சூளையை வாங்கிக்கொள்ளலாம்.