ஒன்னும் ஆகாது, பாட்டி

"பசை ரத்தத்துல கலந்தா என்ன ஆகும் சிஸ்டர்?" என்று பாட்டி கேட்டார். "ஒன்னும் ஆகாது பாட்டி" என்றேன். யோசிக்கவே இல்லை.

நீலகிரி கூடலூர்ப் பக்கம் பணியர் பழங்குடிக் குடியிருப்பு. பேரனுக்கு ஆறு வயது, நெற்றியில் சின்னக் காயம். தையல் வேண்டாம், பசை போதும் என்றார் டாக்டர். காயத்தின் ஓரங்களை நான் சேர்த்துப் பிடிக்க, அவர் மேலே பூசினார். ரத்தம் முழுசாக நிற்கவில்லை என்று என் விரலுக்குத் தெரிந்தது. சொல்லியிருக்கலாம். அந்தப் பசை சயனோஅக்ரிலேட்; ஈரம் பட்டாலே இறுகும், இறுகும்போது சூடும் வரும். ஒரு துளி உள்ளே இறங்கி அங்கேயே கெட்டியானது. "சுடுது" என்று பையன் முனகினான். அப்போதுதான் பாட்டி அந்தக் கேள்வியைக் கேட்டார். என் பதிலுக்கு அப்புறம் மடியிலிருந்து சிக்கிள் செல் அட்டையை எடுத்துக் காட்டினார். சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை ரத்த நோய் அது. "இவன் ரத்தம் வேற மாதிரி சிஸ்டர்."

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் சிரித்துச் சமாளித்தேன்.

சொன்னது பொய்யா? ஒரு துளிதானே. இதே வகைப் பசையை மூளையின் ரத்தக்குழாய்க்குள்ளேயே செலுத்துகிறார்களே என்று அன்று இரவு எனக்கு நானே வாதாடினேன். ஆனால் அங்கே செலுத்துவதே குழாயை அடைப்பதற்குத்தான். என் வாதம் எனக்கே எதிராகத் திரும்பியது.

அப்புறம் தேடிப் படித்தேன். பொருளை ரத்தத்தோடு வைத்து, எத்தனை சிவப்பணு உடைகிறது என்று ஆய்வகத்தில் பார்க்கிறார்கள். 2 சதவீதத்துக்குள் என்றால் பயமில்லை, 5-ஐத் தாண்டினால் சிவப்பணுவை உடைக்கும் பொருள் என்று கணக்கு. பல சோதனைகளில் அந்த ரத்தம் முயலுடையது. சரி, முயல் ரத்தத்தில் தேறிய பொருள், தானாகவே உடையும் அரிவாள் வடிவச் சிவப்பணுவிடம் எப்படி நடந்துகொள்ளும்? தோலுக்கு மேலே பூசும் பசைக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை, மேலேயே நின்றிருந்தால்.

அன்று "டாக்டரைக் கேட்கலாம் பாட்டி" என்று சொல்லியிருந்தால் அவர் பயந்திருப்பார், பையனும் அழுதிருப்பான். இப்படி நினைத்தால் மனசு கொஞ்சம் ஆறுகிறது. ஆனால் பாட்டி பயந்து கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஒன்பதாம் நாள் வந்தார்கள். பசை உரிந்து மெல்லிய கோடு மட்டும் இருந்தது. "நீங்க சொன்ன மாதிரியே ஒன்னும் ஆகல சிஸ்டர்" என்றார் பாட்டி. பதிவேட்டில் "நலம்" என்று எழுதினேன். அந்தத் துளியைப் பற்றி முதல் நாள் பக்கத்திலும் ஒரு வரி இல்லை.