இட்லிக் குண்டானுக்கு ஒரு கையுறை

அம்மாவுக்குக் கரித்துணிதான் பழக்கம். போன மாதம் இட்லிக் குண்டானைத் திறக்கும்போது ஆவி அடித்து மணிக்கட்டில் கொப்புளம் வந்துவிட்டது. அதைப் பார்த்த அன்றே தைக்க உட்கார்ந்தேன்.

செய்தித்தாளில் அம்மாவின் கையை வைத்து, சுற்றிலும் அரை அங்குலம் விட்டு வரைந்தேன். வெளியே பழைய ஜீன்ஸ், நடுவில் டர்க்கி டவல், உள்ளே வேட்டித்துணி. 14ஆம் நம்பர் ஊசி ஜீன்ஸ் மடிப்பில் உடைந்தது. 16 போட்ட பிறகுதான் மெஷின் ஓடியது. திருப்பிப் பார்த்தால் அம்மாவின் கை நுழையவே இல்லை. விட்டிருந்த அரை அங்குலத்தைத் தையலும் துணியின் கனமுமே விழுங்கிவிட்டன. கட்டைவிரல் பிரியும் வளைவும் சுருங்கிக்கொண்டு நின்றது. அந்த இடத்தில் தையலை ஒட்டி, நூல் அறுபடாமல், ஒரு சின்ன வெட்டுக் கொடுத்த பிறகே படிந்தது.

இரண்டாவதற்கு ஒன்றேகால் அங்குலம் விட்டேன். ஆவி முன்கை வரை ஏறுவதால் மணிக்கட்டுக்கு மேலும் ஆறு அங்குலம் நீட்டினேன். கை தாராளமாகப் போனது. ஆனால் அம்மா சொன்னாள்: "தோசைக்கல்லப் பிடிச்சா சுடல. மூணாவது இட்லித் தட்டு எடுக்கறதுக்குள்ள உள்ள சுடுதுடி."

காரணம் ஈரம். துணியின் இழைகளுக்கு நடுவே அடைபட்ட காற்றுதான் சூட்டைத் தடுக்கிறது. டவல் ஆவியைக் குடித்ததும் காற்று இருந்த இடத்தில் தண்ணீர். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். இன்னொரு டவல் வைத்தாலும் அதுவும் ஈரமாகத்தானே போகும்?

அதனால் டவலை எடுத்துவிட்டு, கிழிந்த கம்பளிப் போர்வையிலிருந்து வெட்டி வைத்தேன். கம்பளி ஈரம் பட்டாலும் டவல் மாதிரி சட்டென்று படிந்துவிடாது. வெட்டுமுன் ஒரு இழையைக் கொளுத்திப் பார்ப்பது அவசியம். முடி கருகும் வாடை வந்து, கரி விரலில் பொடிந்தால் அசல் கம்பளி. உருகிக் கெட்டி மணியானால் பாலியெஸ்டர் மாதிரி செயற்கை இழை கலந்தது. அது அடுப்பருகே கூடவே கூடாது, உருகித் தோலில் ஒட்டும். நூலும் பருத்தி நூல்தான் போட்டேன். அடுக்குகளைச் சேர்க்கும் குறுக்குத் தையலை இரண்டு அங்குல இடைவெளியில் ஓட்டினேன். நெருக்கித் தைத்தால் உள்ளே இருக்கும் காற்று நசுங்கிவிடும்.

நேற்று நான்கு தட்டையும் அம்மா நிதானமாக இறக்கி வைத்தாள். காயப்போட ஒரு வளையம் தைத்திருக்கிறேன். இனி இடதுகைக்கு வெட்ட வேண்டும். கம்பளி இன்னும் ஒரு முழம் மிச்சம் இருக்கிறது.