1 மி.மீ. ஆர்கான் இடைவெளி: பேலஸ்ட் ஒருவழியாக அடங்கியது

கேத்தோடு வோல்ட்டேஜ் இப்போது ஆடாமல் இறங்குகிறது. இரு தகடுகளுக்கு நடுவே ஆர்கான் வாயுவில் நடக்கும் மின் டிஸ்சார்ஜைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் புரோகிராம் இது. ஒருபரிமாண பி.ஐ.சி. (துகள்களை நகர்த்தி, மின்புலத்தைக் கட்டங்களில் கணக்கிடும் முறை) – மான்டி கார்லோ (மோதல்களைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பது) வகை. ஆர்கான் 10 டார், பரப்பு 1 ச.செ.மீ., 200 கட்டங்கள், டைம் ஸ்டெப் 10 பிகோ செகண்ட், சப்ளை மைனஸ் 300 வோல்ட், பேலஸ்ட் (கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் தொடர் ரெசிஸ்டர்) 10 கிலோ ஓம், காமா (ஓர் அயனி விழுந்தால் கேத்தோடிலிருந்து சராசரியாகக் கிளம்பும் எலெக்ட்ரான்) 0.07.

மோதல் பகுதி வழக்கமான நல்-கொலிஷன்தான் (போலி மோதலையும் சேர்த்துக் கணக்கை எளிதாக்கும் முறை). வில்லங்கம் முழுக்க பேலஸ்ட்டில். அது இல்லாவிட்டால் அடர்த்தி ஏறிக்கொண்டே போய், டெபை நீளம் (பிளாஸ்மா மின்புலத்தை மறைக்க எடுக்கும் தூரம்) கட்டத்தைவிடச் சிறுத்து, எலெக்ட்ரான்கள் பொய்யாகச் சூடாகும். சரி என்று, போன ஸ்டெப்பில் தகட்டில் விழுந்த மின்சுமையை டைம் ஸ்டெப்பால் வகுத்து அதையே கரண்ட்டாக வைத்தால் இன்னும் மோசம். கணக்கில் ஒரு சூப்பர் துகள் 1 லட்சம் எலெக்ட்ரானுக்குச் சமம். அது 10 பிகோ செகண்டில் விழுந்தால் 1.6 மில்லி ஆம்பியர். 10 கிலோ ஓமில் 16 வோல்ட்! ஒற்றைத் துகளுக்கு இந்த ஆட்டம். சராசரி எடுத்தால் ஆட்டம் மறையும், சர்க்யூட் பின்தங்கும்.

வழி, 1993இல் வெர்பான்கூர் குழு வெளியிட்டதுதான்: தகட்டின் சுமையைத் தனி மாறியாக வைத்து, பாய்ஸான் சமன்பாட்டோடு (மின்சுமையிலிருந்து வோல்ட்டேஜைத் தருவது) சேர்த்தே தீர்ப்பது. இடைவெளியின் கெப்பாசிட்டன்ஸ் 0.885 பிகோ ஃபாரட். ஆகவே ஒரு துகள் இடைவெளி முழுவதையும் கடந்தாலும் மொத்த மாற்றம் 18 மில்லி வோல்ட். சுவரை ஒட்டிய அரைக் கட்டத்துச் சுமையை விட்டுவிடாதீர்கள். அயனி விழுவது மட்டுமல்ல, கேத்தோடிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரானும் தகட்டுக்கு பிளஸ் கணக்கு. இதை விட்டால் இரு தகட்டு கரண்ட்டும் ஒத்துவராது. துகளே இல்லாமல் ஓட்டிப் பாருங்கள்: ஆர்-சி நேரமான (ரெசிஸ்டன்ஸ் × கெப்பாசிட்டன்ஸ்) 8.85 நானோ செகண்டில் மைனஸ் 190 வோல்ட்டைத் தொட வேண்டும்.

மதுரை வெயிலில் பகல் ரன் வீண், சூட்டில் சி.பி.யு. தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பராமரிப்பு மின்தடைக்கு முன் எடுக்கும் செக்பாயின்ட்டில் துகள்களோடு தகட்டுச் சுமையும் போக வேண்டும். இல்லையென்றால் மறுபடி ஓட்டும்போது வோல்ட்டேஜ் எங்கோ தொடங்கும்.

நிலைத்த நிலை இன்னும் வரவில்லை, அயனிகள் மெதுவாகத்தான் நகர்கின்றன. அதற்குள் நிஜக் கருவி ஆசை வேறு. டவுன்ஹால் ரோட்டில் 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வாங்கினால் போதும். ஆனால் அதை எலெக்ட்ரோடை ஒட்டியே வையுங்கள். நடுவே ஒரு மீட்டர் கோஆக்ஸ் கேபிள் வந்தால் சுமார் 100 பிகோ ஃபாரட் சேர்ந்து, ஆர்-சி நேரம் 1 மைக்ரோ செகண்டாகிவிடும். அந்த 100 பிகோவைப் புரோகிராமிலும் இணையாகப் போட்டு, டிஸ்சார்ஜ் அணைந்து அணைந்து எரிகிறதா என்று பார்ப்பதுதான் அடுத்த ரன்.