நாலரை மணித்தியால ஓட்டமும் 45 நிமிட இடைவேளையும்

அட்டன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ருமேனியாவுக்கும் போலந்துக்கும் லொறிச் சாரதிகளாகப் புறப்படும் தம்பிமார் என்னிடம் முதலில் விசாரிப்பது சம்பளத்தைத்தான்; ஓய்வு விதிகளைப் பற்றிக் கேட்பவர் அரிது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 ஒழுங்குவிதிப்படி, நாலரை மணித்தியாலம் ஓட்டிய சாரதி 45 நிமிட இடைவேளை எடுத்தேயாக வேண்டும். அதனை இரண்டாகப் பிரிக்கலாம். ஆனால் முதலில் குறைந்தது 15 நிமிடம், அடுத்துக் குறைந்தது 30 நிமிடம் என்ற வரிசை மாறக்கூடாது. முதலில் அரை மணித்தியாலம் கண்ணயர்ந்துவிட்டுப் பின்னர் கால் மணித்தியாலம் நிறுத்தினால், கூட்டுத்தொகை சரியாயிருந்தும் அது செல்லாது.

நம்மவர்களைத் தடுமாற வைப்பது, எது இடைவேளை என்பதுதான். கொழும்புக்கு மரக்கறி ஏற்றிச் செல்பவர் கித்துல்கலையில் சாயத்தண்ணி குடித்தபடியே தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, ஓய்வெடுத்தேன் என்பார். ஐரோப்பாவில் கயிறு கட்டுவதும் சரக்கு இறக்குவதும் வேலையாகவே கொள்ளப்படும். லொறியின் ஓட்ட, ஓய்வு நேரங்களைப் பதியும் டாக்கோகிராஃப் கருவியிலும் அவ்வாறே பதிய வேண்டும்.

நாளொன்றுக்கு 9 மணித்தியால ஓட்டம், வாரத்தில் இருமுறை மட்டும் 10. நாளாந்த ஓய்வு பொதுவாக 11 மணித்தியாலம்.

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெறுமதியானது 2020ஆம் ஆண்டுத் திருத்தம். 45 மணித்தியால வழக்கமான வாராந்த ஓய்வை லொறிக்குள் கழிக்கக்கூடாது என்பதுடன், வெளியே தங்கும் செலவையும் முதலாளியே ஏற்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் முகவரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். பலர் இதைக் கேட்க வாய் திறப்பதில்லை.