ஞாயிற்றுக்கிழமை லைன் பிளாக்

கடற்கரை–தாம்பரம் தடத்தில் இன்று லைன் பிளாக் (பராமரிப்பு வேலைக்காகத் தடத்தை மூடி வைப்பது), பாதி மின்ரயில்கள் ரத்து. சரி, வேடிக்கையாவது பார்ப்போம் என்று பல்லாவரம் நடைமேம்பாலத்தில் ஏறி நின்றேன்.

கீழே மஞ்சள் நிற டேம்பிங் மெஷின். தண்டவாளத்தை, அதைக் குறுக்கே தாங்கும் கட்டையான ஸ்லீப்பரோடு சேர்த்துக் கொஞ்சமாய்த் தூக்கிப் பிடிக்கிறது. இரும்பு விரல்கள் இரண்டு பக்கமும் ஜல்லிக்குள் இறங்கி, நொடிக்கு 35 முறை அதிர்ந்தபடியே கற்களை ஸ்லீப்பருக்கு அடியில் நெருக்கித் தள்ளுகின்றன. அப்புறம் அடுத்த ஸ்லீப்பர். ரயில் ஓட ஓட ஜல்லி அமுங்கத்தான் செய்யும். ஒரு பக்கம் தாழ்ந்தால் பெட்டி ஆடும். அதனால்தான் கூர்முனையுள்ள உடைகல்லாகப் போடுகிறார்கள். உருண்டைக் கல் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது.

பக்கத்தில் நின்ற பெரியவர், “லீவு நாளா பார்த்துதான் செய்வாங்களா?” என்று அலுத்துக்கொண்டார். வேலை நாளில் செய்தால் மட்டும் விட்டுவிடுவோமா என்ன!

மெஷின் நகர்ந்த பிறகு ஆள் வேலை. ஒருவர் கேஜ் அளவுகோலைக் குறுக்கே வைத்து, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 1676 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று சரிபார்க்கிறார். (2004 வரை இங்கே மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் இடைவெளித் தடத்தில் ரயில் ஓடியதை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறார்கள்?) இன்னொருவர் தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு பிடித்து வைக்கும் கிளிப்பில் தளர்ந்த ஒன்றைச் சுத்தியலால் ஒரே போடாகப் போட்டு உள்ளே ஏற்றுகிறார்.

பக்கத்துத் தடத்தில் எக்ஸ்பிரஸ் வந்தால் விசில் ஊத ஒருவர் தனியாக நிற்கிறார். சத்தம் கேட்டதும் எல்லோரும் கருவிகளோடு ஒதுங்குகிறார்கள். அவருக்கு வேறு வேலை கிடையாது, கொடுக்கவும் கூடாது.